வெயிலைக் கணக்குப் பார்த்துவிட்டுப் புல் வாங்குங்கள்

பெங்களூரில் புது வீடு கட்டிக் குடிபோகிற நம்மவர்கள் கேட்கிற கேள்வி இது: "வாசல்ல ஒரு 200 சதுர அடி இருக்கு. நிஜப் புல் போடலாமா, பிளாஸ்டிக் புல் போடலாமா?" பதில் சொல்கிறவர்கள் உடனே விலை, பராமரிப்பு, தண்ணீர் என்று ஆரம்பிக்கிறார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த இடத்தில் மார்கழி மாதம் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதனால் இந்த ஊரில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது. வெயில் கொளுத்தும் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் புல்லை விரிக்கிறார்கள், இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே இருட்டுச் சந்தில் நிஜப் புல்லை நடுகிறார்கள். முதலாவதில் கால் வைக்க முடியாது, இரண்டாவது அடுத்த பொங்கலைப் பார்க்காது.

பிளாஸ்டிக் புல் புகழ் பெற்றதே வெளிச்சம் இல்லாத இடத்தில்தான். 1965இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் அரங்கத்தைத் திறந்தார்கள். கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள், கீழே நிஜப் புல். கண் கூசிப் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புகார் சொல்ல, பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். புல் செத்துப்போனது. அடுத்த வருடம் அங்கே விரித்ததுதான் ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பிளாஸ்டிக் புல். நாமோ அதைக் கொண்டுபோய் உச்சி வெயிலில் விரிக்கிறோம்.

வெயில் கணக்கு ரொம்பக் கஷ்டமில்லை. பெங்களூர் சுமார் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது 30 அடி உயர வீட்டின் நிழல் வடக்கே 22 அடி நீளும். வடக்குப் பார்த்த 30க்கு 40 அடி சைட்டில் வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் விட்டிருக்கும் ஐந்தாறு அடி முழுக்க உங்கள் வீட்டு நிழலிலேயே கிடக்கும். ஜூனில் கதை வேறு. சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே பத்து டிகிரி போய்விடும், அதே வாசலில் நல்ல வெயில் அடிக்கும். ஜூன் மழையில் பதித்த புல் தீபாவளி வரை பச்சைப்பசேலென்று இருந்துவிட்டு ஜனவரியில் சொட்டை விழுவது இதனால்தான். பழி மட்டும் தோட்டக்காரர் தலையில் விழும்.

டிசம்பர் வரை காத்திருக்க முடியாதவர்கள், தெற்குப் பக்கம் நிற்கும் சுவரின் உயரத்தை 0.74ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மார்கழி நண்பகலில் அதன் நிழல் அத்தனை அடி நீளும். காலை வெயிலையும் மாலை வெயிலையும் பக்கத்து வீட்டு மாடிகள் எவ்வளவு தின்கின்றன என்பதற்கு, காலை 8 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒரு படம் எடுத்தால் போதும்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் கிடைத்தால் பெர்முடா. அது நம் அருகம்புல்லேதான், விளையாட்டு மைதானத்துக்கென்று தேர்ந்தெடுத்த ரகங்கள், அவ்வளவே. அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டத்தால் மிதிபட்டாலும் ஓரத்திலிருந்து ஓடிவந்து மூடிக்கொள்ளும். நிழலில் மட்டும் நூலாக நீண்டு மெலிந்துவிடும். மூன்று நான்கு மணி நேர வெயில்தான் என்றால் அகல இலை உள்ள கார்பெட் புல் தாங்கும், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். மெக்சிகன், கொரியன் என்று விற்பவை ஜாய்சியா இனத்தவை. ஒரு நர்சரியின் மெக்சிகன் அடுத்த நர்சரியில் கொரியன் ஆகிவிடும், ஆகவே பெயரை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். பஞ்சுப் பொதிபோல் மேடு மேடாக எழும் மெல்லிய இலை ரகம் படம் எடுக்க அழகு. அதில் நடக்கவும் முடியாது, புல் வெட்டும் மெஷின் ஓட்டவும் முடியாது. மூன்று மணி நேரத்துக்கும் குறைவான வெயில் என்றால், யார் என்ன சத்தியம் செய்தாலும் புல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மண். புது வீட்டு வாசலில் இருப்பதை மண் என்று சொல்வதே பாவம். மீந்த சிமெண்ட் கலவை, டைல்ஸ் துண்டு, பெயிண்ட் வாளி கழுவிய தண்ணீர் எல்லாம் கலந்து, மேலே இரண்டு அங்குலம் செம்மண் தூவியிருப்பார்கள். ஒன்பது அங்குலம் தோண்டிக் குப்பையை வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய எரு. 100 சதுர அடிக்கு ஆறு அங்குலம் நிரப்ப 50 கன அடி வேண்டும்: செம்மண் 25, மற்ற இரண்டும் தலா பன்னிரண்டரை. தண்ணீர் விட்டால் அமுங்கும், அதையும் சேர்த்து வாங்குங்கள். வெறும் செம்மண்ணில் பதித்தால் வெயிலில் அது செங்கல்லாக இறுகி, தண்ணீர் மேலேயே ஓடிவிடும். சுவரிலிருந்து வெளியே பார்த்து 100 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு, நடைபாதைக் கல்லைவிட ஓர் அங்குலம் தாழ்ந்த மட்டம். மட்டம் உயர்ந்துவிட்டால் மழைக்குச் சேறு படியேறும்.

இனி பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கிற கட்டம். செம்மண் லாரியிலும் எருவிலும் கோரைக் கிழங்கு வரும், வராமல் இருக்காது. மண் நிரப்பிய மறுநாளே புல் பதித்தால், ஒரு மாதத்தில் புல்லுக்கு நடுவே கோரை எழுந்து நிற்கும். இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியில் தங்கிவிடும். பிறகு அதைத் தனியாகப் பிரிக்கவே முடியாது. ஆகவே வெறும் மண்ணுக்கு இரண்டு மூன்று வாரம் தண்ணீர் விட்டுக் கோரையை முளைக்கவிடுங்கள். கொத்தி, கிழங்கோடு பொறுக்குங்கள். இன்னொரு முறை முளைக்கவிட்டுப் பொறுக்குங்கள். இரண்டாம் சுற்றில் எண்ணிக்கை குறைந்திருந்தால் பதிக்கலாம். வேலைக்காரர்கள் இதற்குச் சலித்துக்கொள்வார்கள், ஒரே நாளில் முடித்துக் காசு வாங்கிப் போகத்தான் பார்ப்பார்கள்.

கோரைக்குப் பயந்து பிளாஸ்டிக் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு செய்தி. கோரையின் முளை ஊசிபோலக் கூர்மையானது. காய்கறித் தோட்டத்தில் விரிக்கும் மூடாக்கு ஷீட்டையே துளைத்து வரும். வெறும் மண்மேல் விரித்த பிளாஸ்டிக் புல்லின் வடிகால் ஓட்டைகள் அதற்கு ராஜபாட்டை.

மண்ணோடு வெட்டியெடுத்த புல் துண்டுகளை ஸ்லாபாக வாங்கினால் வந்த அன்றே பதித்துவிட வேண்டும். அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். செங்கல் கட்டுவதுபோல் இணைப்புகள் ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் பதித்து, உருளையால் அழுத்தி, தண்ணீர் கட்டுங்கள். பத்துப் பதினைந்து நாளில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் வேர் பிடித்திருப்பது கைக்குத் தெரியும். தண்டு நடுவதென்றால் நாலு அங்குல இடைவெளி, மூட இரண்டு மூன்று மாதம். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. பெர்முடாவுக்கு ஓர் அங்குலம், கார்பெட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் நிற்கட்டும். வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் வெளுத்திருந்தால் நோய் இல்லை, பிளேடு மழுங்கிவிட்டது. யூரியா போட்டே ஆக வேண்டும் என்றால் 100 சதுர அடிக்கு 100 கிராமைத் தாண்டாமல், உடனே தண்ணீரோடு. இல்லாவிட்டால் தூவிய இடமெல்லாம் கருகும். கோடை மழைக்குப் பின் திட்டுத் திட்டாகப் பழுத்து, இழுத்தால் பாய்போல் உரிந்து வந்தால் வேர்ப்புழு. மழைக்கு முன்பே 100 சதுர அடிக்கு இரண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்துவிடுவது நல்லது.

தண்ணீர்க் கணக்கை யாரும் எண்ணாகச் சொல்வதில்லை, "நிறைய குடிக்கும்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெங்களூர்க் கோடையில் புல்தரை நாளொன்றுக்கு நாலைந்து மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். ஆகவே 200 சதுர அடிக்குத் தினம் 80, 90 லிட்டர். தினமும் தெளிப்பதைவிட மூன்று நாளுக்கு ஒருமுறை 250 லிட்டர் ஊற விடுவது மேல், வேர் கீழே இறங்கும். ஊற்ற வேண்டியது விடியற்காலையில். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் இலை ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கும்.

இதைக் காவிரித் தண்ணீரில் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது நினைவிருக்கும். மழைநீர் இருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போகச் சுமார் 1,500 லிட்டர் தொட்டிக்கு வரும், உங்கள் புல்லுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காணும். அடுக்குமாடி என்றால் சுத்திகரித்த கழிவுநீர். வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீரும் சரி. முதல் தடவை சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஆர்ஓ குடிநீர் மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரை அப்படியே தினமும் ஊற்றினால் உப்பு ஏறும். மாற்றுத் தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 200 சதுர அடியை 60ஆகக் குறைத்து, மீதிக்குக் கல் பாவுங்கள். அதற்காகப் பிளாஸ்டிக்குக்குத் தாவ வேண்டியதில்லை.

ஏனென்றால் வெயிலில் பிளாஸ்டிக் புல் செய்கிற வேலை இது: அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக மைதானத்தில் 2002இல் அளந்தபோது, செயற்கைப் புல்லின் மேற்பரப்பு தார்ச்சாலையைவிடச் சூடாக இருந்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். 79 டிகிரி செல்சியஸ் 29க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73. "பெங்களூர் குளுகுளு ஊர்தானே" என்று விற்பனையாளர் சொல்வார். காற்று குளிர்ச்சிதான். தரையைச் சுடுவது நேர் வெயில், 900 மீட்டர் உயரத்தில் அதற்குக் குறைவே இல்லை. நிஜப் புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னையும் சுற்றத்தையும் குளிர்விக்கிறது. நாம் ஊற்றும் 80 லிட்டர் செய்யும் வேலை அது. கூடவே, பளபளக்கும் கண்ணாடி ஜன்னலிலிருந்து எதிரொளிக்கும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் பாலிஎதிலீன் இழை உருகிச் சுருளும். எதிர்வீட்டுக் கண்ணாடியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் இரண்டும் வேண்டாம் என்பதே என் கட்சி. நாலு அங்குல ஈர மண் சதுர மீட்டருக்கு 180 கிலோ வரும். ஆள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் பாரமே 150 கிலோதான். ஷீட்டோ பெர்கோலா என்கிற பந்தலோ போட்டு நிழலாக்கிய பகுதிக்குப் பிளாஸ்டிக் புல் பொருந்தும், அடியில் தண்ணீர் ஓட இடம் விடும் பிளாஸ்டிக் தட்டுகளை (வடிகால் செல்) வைத்து. நேராகத் தரையில் பசை தடவி ஒட்டவே ஒட்டாதீர்கள். பிய்க்கும்போது வாட்டர்ப்ரூஃபிங்கும் சேர்ந்து வரும், அடியில் தேங்கும் தண்ணீரில் கொசு பெருகும்.

பிளாஸ்டிக் புல்லே பொருத்தம் என்று வெயில் கணக்கு சொன்னால், கடையில் உயரத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். சதுர அடி 40 ரூபாயிலும் 40 மில்லிமீட்டர் புல் கிடைக்கும், 150 ரூபாயிலும் கிடைக்கும். வித்தியாசம் அடர்த்தியில். மடித்துப் பாருங்கள், அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் தையல் கம்மி, ஆறு மாதத்தில் படுத்துவிடும். ஒரு கற்றையைப் பிடித்து இழுங்கள், கையோடு வந்தால் வாங்காதீர்கள். நாய் வளர்ப்பவர்கள் பாலியூரித்தேன் அடிப்பூச்சு கேட்டு வாங்குங்கள். லேடெக்ஸ் பூச்சு சிறுநீரைப் பிடித்துவைத்து நாறும். வெயிலுக்குத் தாங்கும் என்ற உத்தரவாதம் பில்லில் எழுத்தாக இருக்கட்டும். இழைகளுக்கு நடுவே ரப்பர் குருணை தூவச் சொன்னால் மறுத்துவிடுங்கள், வீட்டுக்குக் கழுவி உலர்த்திய சிலிக்கா மணல் போதும். ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் குருணை விற்பனைக்கே 2031 வரைதான் கெடு கொடுத்திருக்கிறது.

மண் தரையில் விரிப்பதென்றால் மூன்று நாலு அங்குலம் ஜல்லி கெட்டித்து, மேலே ஓர் அங்குலம் ஜல்லித் தூள். ரோலைச் சில மணி நேரம் விரித்துப் போட்டுச் சுருக்கம் போனபின் வெட்டுங்கள், பின்பக்கத்திலிருந்து, தையல் வரிசைக்கு நடுவே. எல்லாத் துண்டிலும் இழை ஒரே திசையில் சாய வேண்டும். ஒரு துண்டு திரும்பிவிட்டால் நிறமே வேறாகத் தெரியும், சரிசெய்ய வழியில்லை. தீபாவளிக்கு அதன்மேல் கம்பி மத்தாப்புகூட வேண்டாம், விழுந்த இடம் ஓட்டைதான்.

மிச்சம், இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே கிடக்கும் அந்த மூன்றடிச் சந்து. மூன்று மணி நேர வெயிலாவது வரும் பகுதியில் பொடுதலை வைக்கலாம். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே செடிதான். தரையோடு படரும், வெட்டும் வேலை குறைவு, பூக்கும்போது தேனீ வரும் என்பதால் வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருந்தால் யோசியுங்கள். வெயிலே எட்டாத பகுதியில் கூழாங்கல்லும் தொட்டியில் பெரணியும் போதும். பச்சை வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் பிளாஸ்டிக் புல்லுக்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது: நிழல், சிமெண்ட் தரை, ஆள் நடமாட்டம் குறைவு. ஒன்று மட்டும். சாக்கடைச் சேம்பர்கள் எல்லாம் அந்தச் சந்தில்தான் இருக்கும். மூடிக்கு மேல் வரும் துண்டைத் தனியாக வெட்டி, ஒட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.