வெஸ்லியின் பெயரைச் சொல்லித் தடுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்தவர்களுக்கு விவரம் தெரியும். பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு அன்று, செய்தி கொடுக்கத் தயாராகி வந்த அக்காவைப் பிரசங்க பீடத்தில் ஏறவிடாமல், "கீழே நின்று அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லுங்கம்மா, போதும்" என்று சொன்னது வலித்தது. அதற்குச் சொன்ன காரணம் அதைவிட வலித்தது. "நாம வெஸ்லியன் மரபுல வந்த சபை, எல்லாம் கிரமமா நடக்கணும்."

வெஸ்லியின் பெயரை இதற்கு எடுக்காதீர்கள். வேறு எந்தக் காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், பேசலாம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிசம், அனுமதி இல்லாமல் பேசியவர்களால் எழுந்த கிறிஸ்தவ இயக்கம். அதன் பெயரிலேயே ஒருவர் வாயை அடைப்பதா?

ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்கள் இரட்சிக்கப்படுவதே ஏறக்குறைய பாவம் என்று நினைத்திருந்த குரு ஜான் வெஸ்லி. 1739-இல் அவருடைய நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட், பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட்டில் நிலக்கரித் தொழிலாளர்களிடம் வெட்டவெளியில் பிரசங்கித்துவிட்டு வெஸ்லியையும் கூப்பிட்டார். ஏப்ரல் 2 அன்று தயங்கித் தயங்கித்தான் அவர் வெளியில் நின்று பேசினார். அதே வருடம் பிரிஸ்டல் பிஷப் ஜோசப் பட்லர், "என் திருமண்டலத்தில் பிரசங்கிக்க உமக்கு அதிகாரம் கிடையாது, இங்கிருந்து போய்விடும்" என்றார். வெஸ்லி போகவில்லை. 1742-இல் பிறந்த ஊரான எப்வர்த்தில் ஆலயத்துக்குள் இடம் மறுத்தார்கள். வெளியே இருந்த தகப்பனாரின் கல்லறை மேல் ஏறி நின்று பிரசங்கித்தார். கிரமம் என்று சொல்கிறீர்களே, இதை எந்தக் கிரமத்தில் சேர்ப்பீர்கள்?

சரி, அவர் குருப்பட்டம் பெற்ற ஆண் என்பீர்கள். அப்படியென்றால் அவருடைய அம்மாவைப் பாருங்கள்.

1712 வாக்கில் கணவர் சாமுவேல் லண்டனில் இருந்த சமயம். சூசன்னா வெஸ்லி ஞாயிறு மாலைகளில் வீட்டில் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் வாசித்து ஜெபம் நடத்தினார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கூட்டம் 200 பேரைத் தாண்டியது. ஆலயத்தில் பொறுப்பில் இருந்த உதவிக் குருவுக்கு இது பொறுக்கவில்லை, சாமுவேலுக்குப் புகார் எழுதினார். நிறுத்திவிடு என்று கணவரிடமிருந்து கடிதம் வந்தது. சூசன்னா எழுதிய பதிலின் சாரம் இதுதான்: நிறுத்தச் சொல்லி விருப்பம் தெரிவித்தால் போதாது, தெளிவாகக் கட்டளையிடுங்கள், கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நாம் நிற்கும்போது அந்தக் குற்றம் என்மேல் இருக்கக் கூடாது. அந்த வீட்டில் அப்போது எட்டு வயதுப் பையன், ஜான்.

பின்னாளில் லண்டனில், குருப்பட்டம் இல்லாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் பிரசங்கிக்கிறார் என்று கேள்விப்பட்டு வெஸ்லி கோபமாகத் திரும்பி வந்தார். தடுத்தது யார்? அதே அம்மா. உன்னைப் போலவே அவனும் தேவனால் அழைக்கப்பட்டவன், முதலில் அவன் பேசுவதைக் கேள் என்றார். மகன் கேட்டார். அதன் பிறகுதான் ஜான் நெல்சன் போன்ற கல்தச்சர்களெல்லாம் பிரசங்கிகளாக ஊர் ஊராகப் போனார்கள். நெல்சனைப் பிடித்து வலுக்கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்தார்கள், அங்கேயும் பிரசங்கித்தார்.

முதலில் கேள். எங்கள் சபையில் அது நடக்கவில்லை. அக்கா என்ன தயாரித்து வந்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் ரோமர் நிருபத்தை அவர் விளக்கியதுபோல் நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஜெபக்கூட்டம். ஆண்களும் வருவார்கள், வாசல்படியில் உட்கார்ந்து கேட்பார்கள். ஞாயிறு ஆராதனையில் ஒரே ஒரு வேதபாடம் வாசிக்கக்கூட அவரைக் கூப்பிட்டதில்லை. அடக்க ஆராதனையில் மட்டும் எல்லாரும் புகழ்ந்தார்கள், "நல்ல ஜெப வீராங்கனை" என்று. எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது.

1742-இல் பிரிஸ்டலில் தொழுகைக் கூடம் கட்டிய கடனை அடைக்க ஆரம்பித்த ஏற்பாடுதான் வகுப்புக் கூட்டம். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஒரு பென்னி. காசு வாங்கப் போன தலைவர்கள் ஆளாளுக்கு ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்க, மெதடிசத்தின் முதுகெலும்பே அதுவாகிப் போனது. அந்தத் தலைவர்களில் பெண்கள் நிறையப் பேர், என் பாட்டியைப் போன்றவர்கள்.

இதன் அடியில் ஒரு இறையியலே இருக்கிறது. முன்குறிக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே இரட்சிப்பு என்பதை எதிர்த்து 1739-இல் வெஸ்லி பிரசங்கித்தார். கிருபை எல்லாருக்கும் உண்டு, எல்லாரிடத்திலும் அது வேலை செய்கிறது என்றார். அதற்காக ஒயிட்ஃபீல்டின் நட்பிலேயே விரிசல் விழுந்தது. 1738 மே 24 அன்று ஆல்டர்ஸ்கேட் தெருவில் அவர் இருதயம் அனலடைந்த கதையை நாமும் சலிக்காமல் சொல்கிறோம். என் பாவத்தையும், ஆம், என்னுடையதையும் கிறிஸ்து நீக்கினார் என்ற நிச்சயம் அன்று அவருக்கு வந்தது. அந்த நிச்சயம் ஒரு பெண்ணுக்கு வரலாம், அதைச் சொல்ல மட்டும் அவர் படியேறக் கூடாதா?

சபையில் பெண்கள் பேசக் கூடாது என்று அப்போஸ்தலர் பவுல் சொன்ன வசனத்தை எடுத்துக்கொண்டு வருவீர்கள். வெஸ்லிக்கும் அந்த வசனம் தெரியும். 1771-இல் மேரி போசன்கே என்ற பெண் பிரசங்கிக்கு எழுதிய பதிலில் அதைத்தான் பேசுகிறார்: பவுல் சொன்னது பொது விதி, அசாதாரண அழைப்புக்கு அவரே விதிவிலக்கு கொடுத்தார் என்று. தென்னிந்தியத் திருச்சபையே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாயிற்று. இதில் மேலே பேச எனக்கு விருப்பமில்லை.

வெஸ்லியே முதலில் பெண் பிரசங்கிகளை ஏற்கவில்லையே என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டார். நியாயமான கேள்வி. 1761-இல் டெர்பியில் முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்து வகுப்பு நடத்தப் போனார் சாரா கிராஸ்பி. வந்தது ஏறக்குறைய 200 பேர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச முடியாமல், எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிட்டார். தவறு செய்துவிட்டோமோ என்று வெஸ்லிக்கு எழுதினார். நீங்கள் எல்லை மீறவில்லை, ஆனால் மெதடிஸ்டுகள் பெண் பிரசங்கிகளை அனுமதிப்பதில்லை என்று கூட்டத்தாரிடம் சொல்லிவிட்டு, மனதில் உள்ளதைப் பேசுங்கள் என்று பதில் வந்தது. பத்து வருடத்தில் அசாதாரண அழைப்பு உண்டு என்று ஒத்துக்கொண்டார். 1787-இல் சாரா மாலெட் பிரசங்கிக்கலாம் என்று வெஸ்லியும் மெதடிஸ்ட் பிரசங்கிகளின் மாநாடும் எழுத்திலேயே அனுமதி தந்தார்கள். அவர் எந்தத் திசையில் நடந்தார் என்று பாருங்கள் தம்பி. பெண்களுக்குள் வேலை செய்த கிருபையைக் கண்ணால் பார்த்து மனம் மாறினார். நம் பெரியவர்கள் பார்க்கவே மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொருவர் என்னைப் பார்த்து, "ரெண்டு புத்தகம் படிச்சுட்டு சபையை உடைக்கிறீங்க" என்று எழுதியிருக்கிறார். சபை மேல் பாசம் இல்லாதவர்கள் இதற்கெல்லாம் அழ மாட்டார்கள். வேறு சபைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

கதவைச் சாத்தியது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். 1791 மார்ச் 2 அன்று வெஸ்லி இறந்தார். 1803-இல் மான்செஸ்டரில் கூடிய மாநாடு, பொதுவாகப் பெண்கள் பிரசங்கிக்கக் கூடாது என்றது. இரண்டு காரணம் சொன்னார்கள். நம் ஜனங்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை. பிரசங்கிகள் போதுமான அளவு இருக்கிறார்கள், அதனால் பெண்கள் தேவையில்லை. அசாதாரண அழைப்பு உள்ள பெண் வேண்டுமானால் பெண்களிடம் மட்டும் பேசலாம், அதற்கும் எழுத்து அனுமதி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பின்பற்றியது இதைத்தான். கமிட்டியில் அப்படியே சொல்லுங்கள்: எங்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை, ஆட்கள் போதும். மினிட்ஸில் அப்படியே எழுதுங்கள். வெஸ்லியின் பெயரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.