எட்டு நாற்காலிக் கடையும் ஒரு துண்டு முள்ளங்கியும்

டோக்கியோ கிளம்பும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அசல் ஜப்பான் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" கேட்கும்போதே மனசுக்குள் பதிலும் இருக்கும். தட்டு சுற்றி வரும் சூஷி, காகித விளக்கு, கிமோனோ கட்டிய பெண். போட்டோவுக்கு அதெல்லாம் சரி. என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் போங்கள், வாசலில் துணி தொங்கும் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்து, சாறில் மெல்ல வேகும் ஓடென் என்ற பதார்த்தத்தைக் கேளுங்கள் என்பேன்.

நான் மூன்று வருஷம் டோக்கியோவின் நிஷி-கசாயில் இருந்தேன். இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதி, தோசைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குப் போகிற சந்தில் ஒரு கடை இருந்தது. வாசலில் துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளே எடுத்துவிட்டால் மூடியாயிற்று. பல மாதம் அந்தத் துணியைப் பார்த்தபடியே நடந்தேன். உள்ளே போகப் பயம். பட்டியல் முழுக்கச் சுவரில் ஒட்டிய காகிதத் துண்டுகளில் தூரிகை எழுத்தில் இருந்தது, ஒன்றும் படிக்க முடியாது. ஒரு ஜனவரி மாலை மழை வலுத்தது, ஒதுங்க வேறு இடமில்லாமல் நுழைந்துவிட்டேன்.

நீளமாக ஒரு பலகை மேடை, முன்னால் எட்டு நாற்காலி. மேடைக்கு அந்தப் பக்கம் தலையில் துண்டு கட்டிய எழுபது வயதுக்காரர், அவருடைய மனைவி. அவ்வளவுதான் கடை. வாடிக்கைக்காரர்கள் அவரைத் 'தைஷோ' என்று கூப்பிட்டார்கள். தளபதி என்று பொருள். (சிரித்துவிடாமல் இருக்கச் சிரமப்பட்டேன்.) முதலில் கை துடைக்கச் சூடான ஈரத்துண்டு வந்தது. அடுத்து, கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணியில் எள் போட்ட கீரை. இலவசம் என்று நினைத்தேன், பில்லில் நானூறு யென் இருந்தது.

இந்தக் கிண்ணிக்குப் பெயர் ஓதோஷி. நம் ஆட்கள் பலர் இதை ஏமாற்று என்று எழுதுகிறார்கள். முதல் நாள் நானும் முணுமுணுத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், எட்டே நாற்காலி, அதில் ஒருவர் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருகிறார். அந்த நாற்காலிக்கான வாடகை இது. டிப்ஸும் கிடையாது, வைத்தால் திருப்பிக் கொடுக்கத் துரத்திக்கொண்டு வருவார்கள்.

சரி, ஓடெனுக்கு வருவோம். தடுப்புகள் வைத்த சதுரப் பாத்திரத்தில் முள்ளங்கி, முட்டை, மீன் வடை எல்லாம் மெல்லிய தீயில் மணிக்கணக்காகக் கிடக்கும். எனக்கு வந்தது இரண்டு அங்குல கனத்தில் ஒரு முள்ளங்கித் துண்டு, வெளிறிய டீ நிறத்தில். முள்ளங்கியை முதலில் அரிசி கழுநீரில் வேகவைத்துக் கசப்பை எடுத்துவிடுவார்களாம். குச்சியால் தொட்டதுமே பிளந்தது. வாயருகே கொண்டுபோனேன். வந்தது எங்கள் தூத்துக்குடி வீட்டு மாசி வாசனை!

சத்தியமாக மாசிக் கருவாடுதான். நாம் சூரை மீனை அவித்து, புகை போட்டு, காயவைத்தால் மாசி. அவர்கள் இன்னும் ஒரு படி போய், பூசணம் பிடிக்கவிட்டு மாதக்கணக்கில் காயவைத்தால் உயர்ரகக் கட்சுவோபுஷி. மரக்கட்டை மாதிரி இருக்கும், இழைப்புளி போன்ற பெட்டியில் சீவுவார்கள். அந்தச் சீவலும் கொம்பு என்ற கடற்பாசியும் சேர்ந்து இறங்கிய தண்ணீர்தான் தாஷி, ஓடென் வேகும் சாறு. கொம்புவின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிய கிகுனே இகெடா என்ற டோக்கியோ பேராசிரியர் 1908-ல் அதிலிருந்து குளூட்டமேட் என்ற ருசிப் பொருளைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மறுவருஷம் அதுவே அஜினோமோட்டோ என்று விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் தினமும் திட்டு வாங்குகிற அதே அஜினோமோட்டோ. 1913-ல் அவருடைய மாணவர் கொடாமா, கட்சுவோபுஷியில் இனோசினேட் என்ற இன்னொரு ருசிப் பொருளைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்தால் ருசி பலமடங்கு ஏறும். தைஷோவின் பாத்திரத்தில் நடந்ததும் அதுதான்.

அசல் ஜப்பான் சாப்பாடு என்றால் என் கணக்கில் இந்தத் தண்ணீர்தான். அது சரியில்லையென்றால் விளக்கும் கிமோனோவும் இருந்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் சட்டைப் பையிலிருந்து மிளகாய் சாஸ் பாக்கெட்டை எடுக்கிறவர்களோடு நான் சாப்பிடப் போவதில்லை. ஒருமுறை அலுவலக நண்பன் ஒருவன் அப்படிப் பிழிந்தான். தைஷோ ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை. எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "இறைச்சி, மீன் வேண்டாம்" என்று சொன்னாலும் தாஷியை அவர்கள் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் அது இருக்கும். உங்களுக்கு இந்த மாதிரிக் கடை ஒத்துவராது. பௌத்தக் கோயில் சமையலான ஷோஜின் ரியோரியைத் தேடுங்கள், கொம்புவும் காளானும் போட்டே ருசி எடுப்பார்கள்.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தைஷோவுக்கு இரண்டு மாசித் துண்டுகள் கொண்டுபோனேன். என் அரைகுறை ஜப்பானியத்தில் விஷயத்தைச் சொன்னேன். முகர்ந்தார். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். தம்முடைய கட்டைகள் இரண்டை எடுத்துத் தட்டிக் காட்டினார், கணீரென்றது. "உன்னுடையது இன்னும் குழந்தை" என்று சொல்லிவிட்டுத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

அடுத்த வாரம் போனேன். ஓதோஷிக் கிண்ணியில் டோஃபு, அதன் மேல் தூவியிருந்தது எங்கள் ஊர் மாசி. பில்லில் வழக்கம்போல நானூறு யென்.