பதினாறு வாரம் வளர்த்த பையன்

வடசென்னையின் கால்பந்துப் பேட்டையான வியாசர்பாடியில் பிறந்தவனுக்குக் கால்பந்துப் பொறுமை புதிதல்ல. ஆனால் ‘ஹாட்ரிக்’ என்ற இணையக் கால்பந்து விளையாட்டில் நான் நடத்தும் கற்பனை அணியின் இளையோர் பயிற்சி அதையும் தின்று தீர்த்துவிட்டது.

அந்த விளையாட்டில் ஒரு வீரனுக்கு ஒரு வயது கூடுவதற்கு 112 நாள் ஆகிறது. வாரத்துக்கு ஒரே ஓர் இளையோர் ஆட்டம். அதில் சரியான இடத்தில் நின்று 90 நிமிடமும் ஆடினால்தான் பயிற்சி முழுதாகச் சேரும். என் இடது ஓரத்துப் பையனை 16 வாரம் இப்படித்தான் வளர்த்தேன். கல்யாண மண்டபத்தின் மூலையில் நின்றுகூட கைப்பேசியில் அணியை அமைத்திருக்கிறேன். ஒருமுறை இருபதாவது நிமிடத்திலேயே அடிபட்டு வெளியேறினான். அந்த வாரம் பாழ். அதையும் தாங்கிக்கொண்டேன். கடைசியில் பயிற்சியாளரின் அறிக்கை வருகிறது: ஓரத்தில் ஓடும் திறமையில் இவன் எல்லையைத் தொட்டுவிட்டான், இனி ஏறமாட்டான்.

இதை முதல் நாளே சொன்னால் என்ன? அவன் வந்து சேரும்போதே அந்த எல்லை எழுதப்பட்டுவிட்டதே! நான்கு மாத உழைப்பை வாங்கிக்கொண்டு பிறகு சொல்வது அநியாயம்.

முல்லை நகர் மைதானத்தில் வெறுங்காலோடு ஆடும் பையன்களை மாலைதோறும் பார்க்கிறேன். போன வருடம் இடது காலால் பந்தை நிறுத்தவே தெரியாதவன், இன்று அதே காலால் வளைத்து அடிக்கிறான். அவனுக்கு யார் எல்லை குறித்தது?

அடுத்த சனிக்கிழமை என் பையனைத் தடுப்பாட்டத்தில் நிறுத்துகிறேன். அந்தத் திறமையின் எல்லையைப் பயிற்சியாளர் இன்னும் சொல்லவில்லை.