நல்ல தண்ணீரில் படகு விட ஆசைப்பட்டது குற்றமா?

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் மண்டபம் ஊரில் வடகடல், தென்கடல் என்று இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர்தான். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். காவிரிக் குழாய் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, நல்ல தண்ணீரில் படகு விட ஆசை வருமா வராதா?

அதற்காக லீவு போட்டு, வேன் பிடித்து, விடியும் முன்னே புளிசாதம் கட்டிக்கொண்டு ஒரு அணைப் பூங்காவுக்குப் போனால், ஆளுக்கு டிக்கெட், வண்டிக்கு டிக்கெட், கேமராவுக்குத் தனி டிக்கெட், படகு மட்டும் ஓடாது. வாத்து மாதிரி செய்த மிதிபடகு ஒன்று, கழுத்தில் பெயிண்ட் உரிந்து, கரையில் சாய்ந்து கிடக்கிறது. அதன் நிழலில் ஒரு வெள்ளாடு படுத்து அசை போடுகிறது. அதுவாவது டிக்கெட் எடுத்ததா தெரியவில்லை.

சரி, தூண்டிலாவது போடலாம் என்றால் விசில். குத்தகைக்காரர் மீனாம். கூடாரம்? “அஞ்சரைக்கு கேட்டைப் பூட்டிருவோம்ணே.” அப்புறம் எதற்கு வாசலில் அத்தனை பெரிய படம்? அதில் சிரித்துக்கொண்டே படகு மிதிக்கிற குடும்பம் எந்த ஊர்?

காவலாளி எங்கள் ஊரை விசாரித்துவிட்டுக் கேட்கிறார், “கடலை வச்சுக்கிட்டா இம்புட்டு தூரம் வந்தீக?”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, மதினி கேட்கிறார்: “அணை மீன் வாங்கிட்டு வரலையா?”