டிராப்ஸும் சிரப்பும் ஒரே அளவு இல்லைங்க

குழந்தைக்கு வாங்கி வைக்க வேண்டிய மருந்துகள் பற்றிய பேச்சில், "பாரசிட்டமால் டிராப்ஸும் சிரப்பும் ஒன்றுதான், சிரப் தீர்ந்துபோனால் அதே அளவு டிராப்ஸ் கொடுக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். மருந்து ஒன்றுதான், சரி. அடர்த்தி வேறுங்க.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டிராப்ஸ் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. சாதாரண சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 25 தான். 2.5 மி.லி. சிரப்பில் 62.5 மி.கி. போகும், அதே 2.5 மி.லி. டிராப்ஸில் 250 மி.கி. நாலு மடங்கு! பாட்டில் சின்னதாக இருப்பதால் வீரியமும் குறைவு என்று தோன்றுவது இயல்புதான். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும்.

சொன்னவர் அமெரிக்க வீடியோ ஏதாவது பார்த்திருக்கலாம். அங்கே இந்தக் குழப்பத்தாலேயே 2011ல் கைக்குழந்தை மருந்தையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்று சிரப்புக்குச் சமமாக மாற்றினார்கள். இங்கே அப்படி இல்லை.

என்னை நம்ப வேண்டாம், வீட்டில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். லேபிளில் பொடி எழுத்தில் "ஈச் எம்.எல்." என்றோ "ஈச் 5 எம்.எல்." என்றோ தொடங்கும் வரி இருக்கும். ஐந்துக்கு என்றால் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப்பும் உண்டு, அதனால் பிராண்ட் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் "இது டிராப்ஸா, சிரப்பா, எத்தனை மி.கி.?" என்று கேட்டு, அட்டை மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.