மாளிகையில் கல்யாணம் நடக்கட்டும், எந்த அறையில் என்பதுதான் கேள்வி

இங்கிலாந்தின் பழைய கிராமத்து மாளிகைகளைக் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள் என்றாலே, "வரலாற்றை விற்கிறார்கள்" என்று சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போன நூற்றாண்டில் வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்தே போட்டார்கள். பழைய கட்டிடங்களைக் காப்பாற்றும் தொண்டு நிறுவனமான நேஷனல் டிரஸ்ட் மாதிரி அமைப்புகளின் கைக்கு வந்த பல வீடுகள் அருங்காட்சியகமாகப் பிழைத்தன. அவ்வளவு பெரிய கூரையை நுழைவுச்சீட்டுக் காசை மட்டும் நம்பிக் காப்பாற்ற முடியாது. கல்யாணப் பணம் வரட்டும்.

ஆனால் எந்த அறையைத் தருகிறோம்?

டெர்பிஷையரில் கால்க் ஆபி என்றொரு மாளிகை. 1985-ல் நேஷனல் டிரஸ்ட்டுக்கு வந்தது. அங்கே 18-ம் நூற்றாண்டுக் கட்டில் ஒன்றுக்கான சீனப் பட்டுத் திரைகள், விரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. வெளிச்சம் படாததால் பூவேலையின் நிறம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. அதே காலத்துப் பட்டு, ஜன்னலோரம் தொங்கியிருந்தால் வெளுத்து இற்றுப்போயிருக்கும். ஒளி செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. அதனால்தான் இப்படிப்பட்ட துணிகளுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சம் போதும் என்று வைத்திருக்கிறார்கள். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கோபித்துக்கொள்பவர்களை அந்தக் கட்டில் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

அந்த மாதிரி அறையில் வீடியோ விளக்கைப் போட்டு ரிசப்ஷன் நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. விளக்கு மட்டுமா? ஊசிக் குதிகால் செருப்பு, உடம்பின் மொத்த எடையையும் விரல்நுனி அளவு இடத்தில் இறக்கி மரத்தரையைக் குழியாக்கும். மேஜை அலங்காரப் பூக்களோடு கம்பள வண்டும் உள்ளே வரலாம். வண்டுக்கு மகரந்தம் போதும். அதன் புழுக்களோ கம்பளியையும் பட்டையும் தின்னும். மெழுகுவர்த்திக் கரி, சிவப்பு ஒயின், கூட்டம் கிளப்பும் தூசி எல்லாம் தனிக் கணக்கு.

அப்புறம் நெருப்பு. கல்யாணங்கள் நடந்துவந்த கிளாண்டன் பார்க் என்ற மாளிகை 2015 ஏப்ரலில் எரிந்து, உள்ளே ஏறக்குறைய வெறும் சுவர்களாகிவிட்டது. காரணம் மின்பகிர்வுப் பெட்டியில் இருந்த பழுது. விருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் இப்படிப்பட்ட வீட்டுக்குள் தற்காலிக வயரை இழுத்து பாட்டுக் கச்சேரிக்கு மின்சாரம் கொடுப்பவர்கள் அதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, தோட்டத்தில் பந்தல் என்று இடத்துக்கா பஞ்சம்? தாராளமாகக் கொடுங்கள். பட்டும் ஓவியமும் இருக்கிற அறைகளுக்குள் என்ன நடக்கலாம் என்பதைப் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர் சொல்லட்டும், முன்பதிவு மேலாளர் அல்ல. அந்த வல்லுநர் "முடியாது" என்றால், எவ்வளவு பெரிய தொகை கையைவிட்டுப் போனாலும் அதுதான் முடிவு என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.