"ஆம்பளைதானே, எங்கேயாவது படுத்துக்குவான்"

ஒரு பெண்ணோ குழந்தையோ தெருவில் படுத்திருந்தால் நமக்கு மனசு கேட்பதில்லை. அதே இடத்தில் ஐம்பது வயது ஆண் படுத்திருந்தால், குடிகாரன் என்று முடிவுகட்டி விலகி நடந்துவிடுகிறோம். குடிக்கிறவர்களும் உண்டுதான். வேலை போனவர், குடும்பம் உடைந்து வெளியே வந்தவர், சிறையிலிருந்து விடுதலையாகி வீட்டில் சேர்க்கப்படாதவர், மனநோய்க்கு மருந்து நின்றுபோனவர் எல்லாரும் அதே வரிசையில்தான் படுத்திருக்கிறார்கள்.

இவர்களுக்கு மதங்கள் ஒன்றுசேர்ந்து இடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், "நடக்கிற காரியமா?" என்கிறார்கள். நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1985 குளிர்காலத்தில் சார்லஸ் ஸ்ட்ரோபல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தேவாலய வளாகத்தில் கார்களுக்குள் தூங்கியவர்களை உள்ளே கூப்பிட்டுப் படுக்கவைத்தார். தினமும் ஒரே இடம் தாங்குமா? அடுத்த ஆண்டு நான்கு சபைகள் முறைபோட்டுக்கொண்டன. சீக்கிரமே சபைகளின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டிவிட்டது. ‘ரூம் இன் தி இன்’ என்ற அந்த அமைப்பில் பிறகு வேறு மதத்தவரும் சேர்ந்தார்கள்.

சூட்சுமம் ரொம்ப எளியது. ஒரு பள்ளிவாசலோ தேவாலயமோ கோயிலோ வாரத்தில் ஒரே ஒரு இரவு, பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொண்டால் போதும். யாருக்கும் சுமை ஏறுவதில்லை. இரவில் பூட்டிக் கிடக்கிற கூடங்கள் எல்லா மதத்திலும் இருக்கின்றன. தன்னார்வலர்களும் சோர்ந்துபோக மாட்டார்கள். இன்னொன்று, விருந்தினரைப் பிரார்த்தனைக்கு உட்காரச் சொல்லவே கூடாது. படுக்கைக்கு விலையாக பக்தியைக் கேட்பது எனக்குப் பாவமாகவே படுகிறது. பல மதங்கள் கைகோக்கும்போது அந்த ஆசை தானாக அடங்கும் என்பதும் என் நம்பிக்கை.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. இப்படி முறைபோட்டு நடத்தும் ஒரு கூடத்தில் இரவுப் பொறுப்பில் நான் இருந்தபோது ஒரு பெரியவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "காலையில எத்தனை மணிக்கு எழுப்புவீங்க தம்பி?" ஆறு மணி என்றேன். தலையாட்டிவிட்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு அந்தப் பையோடு வெளியே போனால் இரவு வரை எங்கே உட்காருவது? நாளைக்கு வேறு கட்டடம், வேறு முகங்கள். எங்கே தங்குகிறாய் என்று வேலை கொடுப்பவர் கேட்டால் என்ன சொல்வது? நாம் கொடுப்பது ஒரு ராத்திரிதான், முகவரி இல்லை.

நாஷ்வில்காரர்களும் அதோடு நின்றுவிடவில்லை. 2010இல் நிரந்தரமாகத் தங்க 38 வீடுகளோடு ஒரு வளாகத்தையே கட்டினார்கள். அந்த இடத்துக்கு வர அவர்களுக்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எடுத்த எடுப்பில் நம்மால் அவ்வளவு முடியாது, சரி. இந்தக் கூடங்களை நடத்துகிறவர்களின் அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது இரண்டே இரண்டு: பகலில் திறந்திருக்கிற ஒரு கூடம், அப்புறம் பையை வைத்துப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்ள ஆளுக்கொரு அலமாரி.